மயங்குகிறவர் எப்போதும் அடுத்தவர்தானா?

தேர்தலில் எதிர்பாராத கட்சி வென்றாலும், ஊரில் கலவரம் வெடித்தாலும், படித்த பிள்ளைகள் நமக்குப் பிடிக்காத தலைவர் பின்னால் போனாலும், சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: ஊடகம் மக்களை மூளைச்சலவை செய்துவிட்டது. முதலில் சினிமாவைச் சொன்னோம், பிறகு தொலைக்காட்சியை, இப்போது வாட்ஸ்அப்பையும் யூடியூபையும். எதிரெதிர் முகாம்களில் நிற்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். பேராசிரியர் சொல்கிறார், கட்சிப் பேச்சாளர் சொல்கிறார், காவல்துறை அதிகாரி சொல்கிறார், டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் சொல்கிறார். இந்த நம்பிக்கை தவறு. தவறு மட்டுமல்ல, மக்களாட்சிக்குக் கேடு செய்வது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது. ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற உளவியலாளர்கள் 1977இல் இதைச் சோதனையில் காட்டினார்கள், பின்வந்த ஆய்வுகள் பலமுறை உறுதிசெய்தன. கட்சிகளும் கம்பெனிகளும் விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்டுகின்றன. பலன் இல்லாமலா கொட்டுவார்கள்? மனிதர்கள் நாளின் பல மணி நேரத்தைக் கைப்பேசித் திரையில் கழிக்கிறார்கள்; அதில் எது முதலில் வரவேண்டும் என்பதை எங்கோ இருக்கும் நிறுவனம் ஒன்றின் கணினி நிரல் முடிவுசெய்கிறது. வரலாற்றைத் திருப்பினால் நாஜிகளின் வானொலி, ருவாண்டாவின் வானொலி. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர், ஊடகத்தைக் கையில் வைத்திருப்பவனே மக்கள் மனத்தையும் கையில் வைத்திருக்கிறான் என்ற முடிவுக்கு வருகிறார். தனித்தனியே இந்தச் செய்திகள் உண்மைதான். ஆனால் அந்த முடிவு இவற்றிலிருந்து கிடைப்பதில்லை.

1. அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஊடகத்தின் தாக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டவேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் இந்தத் துறையின் முதல் பெரிய தேர்தல் ஆய்வே தொடங்கியது. 1940இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அமெரிக்கத் தேர்தலின்போது, பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் 600 வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்துக் கேட்டார்கள். வானொலியும் பத்திரிகையும் இடைவிடாமல் பிரச்சாரம் செய்த அந்த மாதங்களில், ஒரு கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு முழுதாக மாறியவர்கள் சுமார் 8 விழுக்காட்டினர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரச்சாரம் செய்த வேலை, ஏற்கெனவே இருந்த எண்ணத்துக்கு முட்டுக்கொடுத்ததுதான். மனம் மாறியவர்களிலும் பலர் வானொலியைவிடத் தங்கள் வீட்டாரையும் உடன் வேலை செய்வோரையும் காரணமாகச் சொன்னார்கள்.

அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற அரசியல் அறிவியலாளர்கள் 49 களப்பரிசோதனைகளின் முடிவுகளைத் திரட்டி 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பொதுத்தேர்தலில் பிரச்சாரத் தொடர்பும் விளம்பரமும் வேட்பாளர் தேர்வை மாற்றும் அளவு எவ்வளவு? அவர்களுடைய சிறந்த மதிப்பீடு: பூஜ்யம். தாக்கம் இருப்பதாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு, அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஃபாக்ஸ் நியூஸ் அலைவரிசை 1996இல் தொடங்கி ஊர் ஊராகக் கேபிளில் நுழைந்தது. அது நுழைந்த ஊர்களையும் நுழையாத ஊர்களையும் ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 0.4 முதல் 0.7 புள்ளிவரை கூடுதல் வாக்கு கிடைத்ததாக டெல்லாவிக்னாவும் கப்லானும் 2007இல் கணக்கிட்டார்கள். ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் அதிபர் பதவி முடிவான ஆண்டு அது. எனவே இந்த அளவு அற்பமானதல்ல, ஆட்சியையே மாற்றக்கூடியது. ஆனால் ஊரின் மொத்த வாக்காளரில் நூற்றில் ஒருவரைக்கூட அசைக்காத ஒன்றை மூளைச்சலவை என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

இதே அளவுகோலைக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்கும் வைக்கவேண்டும். 8 கோடியே 70 லட்சம் ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் தவறான வழியில் கைமாறியது பெரும் குற்றம். ஆனால் அந்த விவரங்களால் வாக்காளர் மனங்களை வேண்டியபடி திருப்பினோம் என்று முதலில் பறைசாற்றியது யார்? அந்தச் சேவையை விற்ற நிறுவனமே. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் விசாரணையை முடித்தபோது, அது பயன்படுத்தியவை பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமான உத்திகளே என்று கூறியது. விற்பனையாளனின் விளம்பரத்தை அப்படியே ஆதாரமாக ஏற்றுக்கொண்டவர்கள் அதை எதிர்த்தவர்கள்தான். கோடிகள் ஏன் கொட்டப்படுகின்றன என்ற கேள்விக்கும் பாதி விடை இதில் இருக்கிறது. எதிரி செலவழிக்கிறான் என்பதால் நாமும் செலவழிக்கிறோம். பலனைத் தனியே பிரித்து அளக்க யாரும் நிற்பதில்லை. மீதிப் பாதி, பிரச்சாரம் தன் பக்கத்தவரை வீட்டிலிருந்து கிளப்பி வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருகிறது என்பது. அது மனமாற்றம் அல்ல.

2. நம் நாட்டு வரலாறு இன்னும் உரக்கப் பேசுகிறது. நெருக்கடிநிலைக் காலத்தைப்போல ஊடகம் ஒரே கையில் குவிந்த காலம் சுதந்திர இந்தியாவில் வேறில்லை. வானொலி அரசுடையது, தொலைக்காட்சி அரசுடையது, நாளிதழ்கள்மீது தணிக்கை. ஏறத்தாழ 19 மாதங்கள் நாடு முழுவதும் ஒரே புகழ்பாடலைக் கேட்டது. 1977 ஜனவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்டபின் பிடி தளர்ந்தது உண்மை. மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸ் ஒன்றில்கூட வெல்லவில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். பீகாரின் 54 தொகுதிகளிலும் அதே கதி. அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது.

இந்த எண்களை ஊடகத்தை வைத்து விளக்க முடியுமா? டெல்லியிலிருந்து வந்த அதே அகில இந்திய வானொலிச் செய்தியறிக்கையைத்தான் லக்னோவும் கேட்டது, ஹைதராபாத்தும் கேட்டது. தணிக்கைச் சட்டமும் ஒன்றுதான். வேறுபட்டது மக்களின் அனுபவம். 1976-77இல் நாட்டில் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகளில் வற்புறுத்தலின் கொடுமை வடமாநிலங்களில்தான் உச்சத்தில் இருந்தது. தன் ஊருக்கு ஜீப்பில் வந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ட விவசாயியிடம், திட்டம் வெற்றி என்று வானொலி எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை. திரும்பச் சொன்னால் உண்மைபோல் தோன்றும் என்ற ஆய்வு முடிவு, கேட்பவருக்குச் சரிபார்க்க வழியில்லாத துணுக்குத் தகவல்களை வைத்துக் கண்டறியப்பட்டது. சொந்த உடம்பில் பட்டதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றிய வாய்ப்பாடு இன்னும் பழையது: சினிமாவால் மயங்கி ஓட்டுப்போடுகிறவர்கள். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் அரசியலில் எப்படி வேலை செய்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் தனி நூலே எழுதினார். பிம்பத்தின் பங்கை நானும் மறுக்கவில்லை. ஆனால் பிம்பமே போதும் என்றால், நடிப்பில் எவருக்கும் குறையாத சிவாஜி கணேசன் சொந்தக் கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் நின்றபோது ஏன் தோற்றார்? எம்.ஜி.ஆர். 1950களின் தொடக்கத்திலேயே தி.மு.க.வில் சேர்ந்தவர். கிளைகள், மன்றங்கள், மேடைகள் என்று கால் நூற்றாண்டு வேரோடிய அமைப்பின் ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு வந்தவர். சிவாஜிக்கு அந்த அடித்தளம் அமையவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது திரை. வெற்றியைப் பிரித்துக் காட்டுவது அதுவல்ல.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1993இல் தொடங்கிய சன் டிவி சில ஆண்டுகளிலேயே தமிழ் வீடுகளின் மாலைப்பொழுதைத் தன்வசப்படுத்தியது. அதன் உரிமையாளர் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் இருந்த உறவு ஊரறிந்தது. 2001இல் தி.மு.க. ஆட்சியை இழந்தது. ஜெயா டிவியைத் துணையாக வைத்திருந்த அ.தி.மு.க. 2006இல் ஆட்சியை இழந்தது. அடுத்துவந்த தி.மு.க. அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையே இலவசமாகக் கொடுத்தது. 2011 தேர்தலில் 23 இடங்களோடு எதிர்க்கட்சித் தகுதியையும் இழந்து நின்றது. பெட்டியைக் கொடுத்தவர், அதில் ஓடும் அலைவரிசையின் ஆதரவையும் பெற்றவர், அந்தப் பெட்டி இருக்கும் வீட்டின் வாக்கைப் பெறவில்லை. அந்த வீட்டில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை எந்தச் செய்தியறிக்கையும் மறக்கடிக்க முடியவில்லை.

3. வாட்ஸ்அப் கொல்கிறதா? 2018இல் குழந்தை கடத்துபவர்கள் என்ற வதந்தியால் நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி கும்பலால் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அரசின் கோபம் செயலிமீது பாய்ந்தது. ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. வைத்தது நல்லதே. ஆனால் வதந்தி ஏன் நம்பப்படுகிறது என்பதை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டவர், அவர் ஆராய்ந்தது கைப்பேசிக்கு வெகுகாலம் முந்தைய பேரிடரை.

1934 ஜனவரி 15இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. அதைத் தொடர்ந்து பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்தார். அதிர்வு தெரிந்தும் சேதம் நேராத இடங்களில், இதைவிடப் பெரிய நாசம் வரப்போகிறது என்ற பேச்சுதான் மிகுந்திருந்தது. வீடு இடியாத ஊரில் ஏன் பயமூட்டும் வதந்தி? இந்தப் புதிரே தம் அறிவாற்றல் முரண் கோட்பாட்டுக்கு வித்திட்டது என்கிறார் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், 1957இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில். வதந்தி அவர்களைப் பயமுறுத்தவில்லை. ஏற்கெனவே பயந்துபோயிருந்தவர்கள் தங்கள் பயத்துக்கு ஏற்ற காரணத்தைத் தேடிக்கொண்டார்கள். டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பிறகு து. சின்ஹா செய்து 1952இல் வெளியிட்ட ஆய்வில், சேதத்தை நேரில் கண்டவர்களிடம் இத்தகைய மிகைவதந்திகள் காணப்படவில்லை.

இதை 2018க்குப் பொருத்திப் பாருங்கள். வெளியூர்க்காரரை, வடக்கத்தியரை, நாடோடியை, பேச்சு புரியாதவரைக் கண்டால் ஐயுறும் மனம் ஊரில் முன்பே இருந்தது. காவல்நிலையத்துக்குத் தகவல் சொன்னால் ஆள் வரும் என்ற நம்பிக்கை இல்லை. சட்டத்தைக் கையில் எடுத்தால் தண்டனை கிடைக்காது என்ற தெம்பு இருந்தது. முன்னனுப்பிய வீடியோ இவற்றின்மேல் விழுந்தது. செயலியை மட்டும் குற்றவாளியாக்கினால் அந்த மூன்றுக்கும் பொறுப்பானவர்கள் பதில் சொல்லாமல் தப்பிவிடுகிறார்கள்.

4. இவ்வளவு சான்றுகள் இருந்தும் ஏன் எல்லோரும் நம்புகிறார்கள்? இரண்டாம் உலகப்போரில் ஈவோ ஜீமா தீவில் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவு இருந்தது. வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். இது வெள்ளையனின் போர், உங்களுக்கு இதில் என்ன வேலை என்ற கருத்தில் ஜப்பானியர் துண்டறிக்கைகளை வீசினார்கள். மறுநாள் அந்தப் பிரிவு திரும்பப் பெறப்பட்டது. வீரர்கள் அந்தக் காகிதத்தால் சிறிதும் அசைந்ததற்கு ஆவணம் ஏதும் இல்லை. அசைந்தவர்கள் அதிகாரிகள், நம் ஆட்கள் மயங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால். டபிள்யூ. ஃபிலிப்ஸ் டேவிசன் 1983இல் எழுதிய கட்டுரை இந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது. என்னை இந்தச் செய்தி பாதிக்காது, மற்றவர்களைப் பாதித்துவிடும் என்று மனிதர்கள் எண்ணும் போக்குக்கு அவர் மூன்றாம் நபர் விளைவு என்று பெயரிட்டார். ஊடகவியல் ஆய்வில் மிக உறுதியாக நிலைபெற்ற முடிவுகளில் இதுவும் ஒன்று. நம் கட்டுரைகளில் மூளைச்சலவை செய்யப்பட்டவர் எப்போதும் கிராமத்தவராக, படிக்காதவராக, பெண்ணாக, இளைஞராக, வேறு சாதியினராக, வேறு கட்சியினராகவே இருப்பதற்குக் காரணம் இதுவே. எழுதுகிறவர் ஒருபோதும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

இந்த மனப்பான்மை கையில் அதிகாரம் சேர்ந்தால் சட்டமாகிறது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி இதழ்களிடம் பிணை கேட்கவும் அச்சகத்தைப் பறிக்கவும் வழிசெய்தது. ஆங்கில இதழ்களை அது தொடவில்லை. ஆங்கிலம் படிப்பவன் சிந்திப்பான், தாய்மொழியில் படிப்பவன் தூண்டப்படுவான் என்ற நினைப்பே அந்தப் பாகுபாடு. சட்டம் சில ஆண்டுகளிலேயே நீங்கியது, நினைப்பு நீங்கவில்லை. கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970இல் திரைப்பட முன்தணிக்கையை ஏற்றபோது, மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறும் என்பதையே முக்கியக் காரணமாக்கியது. இடஒதுக்கீட்டைக் குறைகூறிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. ஊர் பற்றிக்கொள்ளும் என்பது அரசின் வாதம். 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. பார்ப்பவர்கள் பார்த்த கையோடு கலவரத்தில் இறங்குவார்கள் என்ற அனுமானத்தையும் ஏற்கமாட்டேன்.

அதே அனுமானத்தின் இன்றைய வடிவம் இணைய முடக்கம். ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேகக் கைப்பேசி இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இந்திய முடக்கங்களை ஆராய்ந்த யான் ரிட்ஸாக், முடக்கத்துக்குப் பிறகு வன்முறைப் போராட்டங்கள் கூடுவதைக் கண்டார். செய்தி நின்றால் வதந்தி நிற்பதில்லை. அதைப் பொய்யென்று சொல்லும் வழிதான் அடைபடுகிறது.

இனி மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். ருவாண்டா? 1994இல் பல லட்சம் துட்சி மக்கள் கொல்லப்பட்டபோது ஆர்.டி.எல்.எம். வானொலி பெயர் சொல்லிக் கொலைக்கு அழைத்தது. அதை இயக்கியவர்கள் தண்டிக்கப்பட்டது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த வானொலியின் அலை எட்டிய, எட்டாத மலைக்கிராமங்களை ஒப்பிட்ட யானகிசவா-ட்ராட் 2014இல் செய்த மதிப்பீட்டின்படி, கொலைகளில் பங்கேற்றவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரின் பங்கேற்பே அதன் விளைவு. மனித உயிர்க் கணக்கில் அது பெரும் பயங்கரம். மீதி 90 விழுக்காட்டை யார் கொண்டுவந்தது? கொலையாளிகளையே சந்தித்துப் பேசிய ஸ்காட் ஸ்ட்ராஸ் கேட்டவை, பக்கத்து வீட்டார் வந்து அழைத்தது, ஊர் அதிகாரி கட்டளையிட்டது, போகாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். நாஜி வானொலியும் அப்படித்தான். அதேனாவும் உடனாய்வாளர்களும் 2015இல் காட்டியபடி, யூத வெறுப்பு முன்பே வேரூன்றிய பகுதிகளில் அந்தப் பிரச்சாரம் பலித்தது. வெறுப்பு குறைந்திருந்த பகுதிகளில் எதிர்விளைவைத் தந்தது. ஒரே குரல், இரண்டு ஊர், இரண்டு விளைவு. குரலை மட்டும் ஆராய்கிறவருக்கு இது ஒருநாளும் விளங்காது.

பழைய ஊடகம் வேறு, கணினி நிரல் வேறு என்பார்கள். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் நடந்த பரிசோதனைகளின் முடிவுகள் 2023இல் ‘சயன்ஸ்’, ‘நேச்சர்’ இதழ்களில் வந்தன. நிரலை நீக்கி, நேர வரிசையில் பதிவுகளைக் காட்டினார்கள். 20,000க்கும் மேற்பட்ட பயனர்களுக்கு ஒத்த கருத்தினரின் பதிவுகளை மூன்றிலொரு பங்கு குறைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. அந்த ஆய்வில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமே பங்குகொண்டது என்பதும், அப்போது அது தன் நிரலில் அவசர மாற்றங்கள் செய்திருந்தது என்ற விமர்சனமும் உண்மையானவை. மூன்று மாதம் பத்தாண்டு ஆகாது என்பதும் சரி. இந்த ஐயங்கள் கேட்பது இன்னும் நல்ல ஆய்வை, நிறுவனங்கள் தரவைத் திறந்துகாட்டுவதை. மயக்கம் நிரூபணமாகிவிட்டது என்ற முடிவை அல்ல.

அப்படியானால் ஊடகத்துக்குச் சக்தியே இல்லையா? இருக்கிறது, தேடும் இடம்தான் தவறு. மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 தேர்தலின்போது சாப்பல் ஹில்லில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் ஆய்ந்து 1972இல் எழுதியது: எது முக்கியப் பிரச்சினை என்று மக்கள் கருதும் வரிசை, செய்திகள் அதற்குத் தந்த இடத்தின் வரிசையோடு ஒத்துப்போனது. எதைப் பற்றி நினைப்பது என்பதில் ஊடகத்துக்குப் பங்குண்டு. அதைவிட முக்கியமானது டிமோதி பெஸ்லி, ராபின் பர்கஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வு. 1958 முதல் 1992 வரை இந்தியாவின் 16 பெரிய மாநிலங்களை எடுத்துக்கொண்டார்கள். விளைச்சல் வீழ்ந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் ரேஷன் உணவையும் நிவாரணத்தையும் எந்த அரசுகள் கூடுதலாகக் கொடுத்தன? நாளிதழ் விற்பனை மிகுந்த மாநிலங்களின் அரசுகள். ஆங்கில, இந்தி நாளிதழ்களைவிட அந்தந்த மாநில மொழி நாளிதழ்களோடுதான் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. லிட்டன் அஞ்சிய அதே இதழ்கள்! அவை படிப்பவரை மயக்கவில்லை. படிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று ஆள்பவரை அஞ்சவைத்தன.

மயக்கக் கொள்கையின் கேடு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. அதை நம்பும் சமூகம் எந்தப் பொய் பரவுகிறது என்று மட்டும் காவல் காக்கிறது. எந்தச் செய்தி வரவில்லை என்று கேட்பதில்லை. அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டதால் வராமல் போன செய்தி, மாவட்ட நிருபரை வீட்டுக்கு அனுப்பியதால் எழுதப்படாத செய்தி, அவதூறு வழக்குக்கு அஞ்சி ஆசிரியர் மேசையிலேயே நின்ற செய்தி, இவை யாரையும் மூளைச்சலவை செய்யவில்லை என்பதால் எவர் கவலைக்கும் உரியவையாக இல்லை. நம் பல்கலைக்கழக ஊடகத் துறைகளின் ஆய்வேடுகளிலும், கல்லூரி மாணவர்மீது சமூக ஊடகத்தின் தாக்கம் என்ற வகைத் தலைப்பு அலுக்கும்வரை திரும்ப வருகிறது. நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து, உங்கள் நண்பர்கள் பாதிக்கப்படுகிறார்களா என்று கேட்டால் ஆம் என்றுதான் விடை வரும். டேவிசன் அதைத்தான் எழுதிவைத்தார்.

செய்ய வேண்டிய ஆய்வு வேறு, அதற்குக் கருவியும் வேறு. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டிலிருந்து தேசிய அலைவரிசைகளின் மாலைச் செய்திகளைப் பதிவுசெய்து ஆய்வாளருக்குத் திறந்துவைத்திருக்கிறது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகளுக்கு அப்படியொரு பொதுக் காப்பகம் இல்லை. 1996 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில், 2011க்கு முந்தைய மாதங்களில் எந்த அலைவரிசை எந்தச் செய்தியை எத்தனை நிமிடம் காட்டியது, எதைக் காட்டவே இல்லை என்று சரிபார்க்க விரும்பும் மாணவர், அந்த நிறுவனங்கள் மனமிரங்கித் தங்கள் சேமிப்பைத் திறந்தால்தான் உண்டு. தொலைக்காட்சி தமிழரை மயக்கியது என்று அறுதியிட்டுப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தச் செய்தியறிக்கைகளைக் கேட்டுப் பெறுங்கள், பல்கலைக்கழக நூலகத்தில் வையுங்கள், அளந்து காட்டுங்கள்.